மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் மோதிக்கொள்வது ஏன்?

நெடுஞ்சாலையில் மிதிவண்டியில் சென்றவர்மீது லாரி மோதிற்று என்று ஒரு செய்தி வருகிறது. விபத்துக்குக் காரணம் என்ன என்ற இடத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது ஒரே சொல்தான்: ‘கவனக்குறைவு’. அது யாருடைய கவனக்குறைவு என்பதைப் பற்றி மட்டுமே பிறகு வாதம் நடக்கும். லாரி ஓட்டியவர் சைக்கிள்காரர் குறுக்கே திரும்பினார் என்பார். ஊரார் லாரி கண்மூடித்தனமாக வந்தது என்பர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் இரண்டாலும் நமக்குப் பயன் இல்லை. ஒருவர் காய்ச்சலால் இறந்தார் என்று மட்டும் எழுதி வைத்தால் சுகாதார ஊழியர் எதைத் தடுக்க முடியும்? என்ன காய்ச்சல், எந்தத் தண்ணீர், எந்தக் கொசு என்று கேட்கும்போதுதான் தடுப்பு தொடங்குகிறது. விபத்துக்கும் அத்தகைய கேள்விகள் உண்டு. மோதுவதற்கு முன் இருவரில் எவர் எவரைப் பார்த்தார்? எவ்வளவு தூரத்தில் பார்த்தார்? பார்த்த பிறகு அவருக்கு எத்தனை விநாடி மிச்சமிருந்தது?

இந்த மூன்று கேள்விகளையே அளவுகோலாகக் கொண்டு, நம் நாட்டுச் சாலைகளில் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் மோதிக்கொள்ளும் வழக்கமான முறைகளை இங்கே பார்ப்போம். மோட்டார் வண்டி என்னும்போது லாரி, பஸ், கார் ஆகியவற்றுடன் மோட்டார் சைக்கிளையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் மிதிவண்டியில் சென்றவர்கள் 4,800-க்கு மேற்பட்டோர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். இது சிறு பங்குபோலத் தோன்றும். ஆனால் 2011-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது நாட்டின் குடும்பங்களில் 45 சதவீதம் மிதிவண்டி வைத்திருந்தன. பள்ளிக்கும் வயலுக்கும் ஆலைக்கும் செல்ல வேறு வாகனம் இல்லாதவர்களின் வண்டி அது. இறந்தவர் குடும்பத்தில் பல சமயம் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே.

விநாடிகளும் மீட்டர்களும்

முதலில் கொஞ்சம் கணக்கு. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் செல்கிறது. சாலையில் ஏதோ தெரிகிறது. அது என்ன என்று மூளை அறிகிறது. கால் பிரேக்கின் மேல் போகிறது. இதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அந்த ஒன்றரை விநாடியில் வண்டி வேகம் குறையாமலே 25 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தாரில் நல்ல டயர் கொண்ட கார் நிற்க இன்னும் 28 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 53 மீட்டர். வேகம் 40 கிலோ மீட்டர் ஆனால் மொத்தம் 29 மீட்டரே போதும். 80 கிலோ மீட்டர் ஆனால் 83 மீட்டர் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கும், மழை நனைத்த சாலைக்கும் இவற்றைவிட அதிகம்.

இந்தக் கணக்கில் பலரும் கவனியாத ஓர் உண்மை மறைந்திருக்கிறது. ஒரு பையன் சந்திலிருந்து மிதிவண்டியுடன் சாலைக்கு வந்துவிடுகிறான்; கார் அப்போது 29 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கார் 40 கிலோ மீட்டர் வேகத்தில் வந்திருந்தால் அவனுக்கு முன்னால் நின்றுவிடும். 50-ல் வந்திருந்தால் 38 கிலோ மீட்டர் வேகத்தில் அவன்மீது மோதும். 60-ல் வந்திருந்தாலோ, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது மிச்சமிருப்பது 4 மீட்டர்தான். மோதும் வேகம் 55 கிலோ மீட்டர். அதாவது பிரேக் பிடித்தும் பிடிக்காததும் ஏறக்குறைய ஒன்றே. மூன்று ஓட்டுநர்களும் ஒரே கவனத்துடன்தான் இருந்தார்கள். வேகத்தில் இருபது கிலோ மீட்டர் வித்தியாசம், ஒன்றும் நேராமைக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஆகிவிட்டது. 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் மிதிவண்டியினரும் மோட்டார் வண்டிகளுடன் கலந்து செல்லும் இடங்களில் வேக உச்சவரம்பு 30 கிலோ மீட்டராக இருக்க வேண்டும் என்று கூறியதற்கு அடிப்படை இதுவே.

ஆசிரியர்கள் இதைப் பள்ளி விளையாட்டுத் திடலில் செய்து காட்டலாம். ஒரு கோட்டிலிருந்து 29, 53, 83 மீட்டர் தூரங்களில் கல் வைத்து, மாணவர்களை அந்தந்தக் கல்வரை நடக்கச் சொல்ல வேண்டும். எண்ணாகக் கேட்டபோது சாதாரணமாகத் தோன்றிய 83 மீட்டர், நடந்து பார்க்கும்போது எவ்வளவு நீளம் என்பது விளங்கும். வகுப்பில் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து விட, இன்னொரு மாணவன் இரு விரலால் பற்றும் பழைய சோதனையையும் செய்யலாம். கோல் 20 சென்டி மீட்டர் விழுந்தபின் பற்றினால் அவனுக்கு ஐந்தில் ஒரு விநாடி ஆயிற்று என்று பொருள். விழப்போவது கோல்தான் என்று முன்பே தெரிந்து, விரலைத் தயாராக வைத்திருந்தவனுக்கே இவ்வளவு. எதிர்பாராததைக் கண்டு, அறிந்து, காலை நகர்த்த வேண்டிய ஓட்டுநருக்கு அதுபோல் ஏழு எட்டு மடங்கு ஆவதில் வியப்பில்லை.

இருட்டில், பின்னாலிருந்து

அமெரிக்காவில் கிராஸ், ஃபிஷர் என்னும் இருவர் செய்து 1977-ல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று உண்டு. மிதிவண்டி விபத்துகளைக் காயத்தோடு தப்பியவை, மரணத்தில் முடிந்தவை என்று அவர்கள் தனித்தனியே வகைப்படுத்தினார்கள். பின்னாலிருந்து வந்து முந்தும் வண்டி மோதுவது, காயத்தோடு முடிந்த விபத்துகளில் பத்தில் ஒன்றாகவே இருந்தது. மரண விபத்துகளிலோ அது மூன்றில் ஒன்றுக்கும் மேல். ஊருக்குள் மோதல்கள் பெரும்பாலும் சந்திப்புகளில் நடக்கின்றன. அங்கே வேகம் குறைவு. திறந்த சாலையில், முக்கியமாக இருட்டில், பின்னாலிருந்து வரும் மோதல் எண்ணிக்கையில் குறைவு; கொடுமையில் அதிகம்.

நம் நாட்டுக்கு இப்பாடம் இன்னும் பொருந்தும். தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். 2022-ல் சாலை மரணங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அவற்றில்தான் நேர்ந்தன. அந்தச் சாலைகள் பல கிராமங்களின் நடுவே செல்கின்றன. பால்காரர் விடியுமுன் அதில்தான் போகிறார். ஆலையில் இரண்டாம் முறை வேலை முடிந்த தொழிலாளி நள்ளிரவில் அதில்தான் திரும்புகிறார். ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டைகளை மிதிவண்டியில் அடுக்கி, ஏறி ஓட்ட இடமின்றி, நெடுந்தூரம் தள்ளிக்கொண்டே செல்லும் ஏழைகள் ராஞ்சி நோக்கி ஏறும் மலைச் சாலையில் லாரிகளோடு லாரியாக நடக்கிறார்கள்.

இருட்டில் நேருவது என்ன? எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க விளக்கைத் தாழ்த்தி ஓட்டும் லாரிக்கு, கருத்த உடையும் விளக்கில்லாத மிதிவண்டியும் சுமார் 30 மீட்டர் தூரத்தில்தான் உருவாகத் தெரியும். லாரியின் வேகம் 60, மிதிவண்டியின் வேகம் 15 எனில், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் விநாடிக்கு பன்னிரண்டரை மீட்டர் வீதம் சுருங்குகிறது. 30 மீட்டரைக் கடக்க 2.4 விநாடி. அதில் ஒன்றரை விநாடி அறிவதிலேயே போய்விட்டது. மிதிவண்டியின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள லாரிக்கு 38 மீட்டர் வேண்டும், இருப்பது 30. வலப்புறம் ஒதுங்க இடமிருந்தால் தப்பலாம். எதிரே மற்றொரு வண்டி வந்துகொண்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டது. எதிர் வண்டி உயர்ந்த விளக்கோடு வந்தால் 30 மீட்டர்கூடக் கிடையாது. அந்த ஒளிக்கு அருகே இருட்டில் செல்பவர் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு இல்லாதவரே ஆகிறார்; ஒளி கடந்த பின்பும் கூசிய கண் தெளியச் சில விநாடி செல்லும்.

மிதிவண்டியின் பின் மட்கார்டில் பதிக்கும் சிவப்பு வில்லை இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. சுத்தமாக இருந்தால் அது 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே ஒளிரும். 100 மீட்டர் என்றால் அதே லாரிக்கு எட்டு விநாடி. சாதாரணக் கண்ணாடி ஒளியை வேறு பக்கம் திருப்பி அனுப்புகிறது. இந்த வில்லையோ ஒளி எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே அனுப்புகிறது. அதன் உட்புறத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று முகங்களைக் கொண்ட சிறு மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூன்று சிறு கண்ணாடிகளை ஓர் அறையின் மூலைபோல் ஒட்டி, இருட்டறையில் கைவிளக்கைக் கண்ணருகே பிடித்துக் காட்டினால், எந்தப் பக்கம் நின்றாலும் ஒளி நின்றவர் கண்ணுக்கே திரும்பி வருவதை மாணவர்கள் காண்பார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு அது தெரியாது என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும். மிதிவண்டிகளில் பொருத்தும் இத்தகைய பிரதிபலிப்புச் சாதனங்களின் தரம் குறித்து மத்திய அரசு 2020-ல் ஓர் ஆணை பிறப்பித்துள்ளது. ஆயினும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் பாதி வில்லைகள் உடைந்தோ சேறு மூடியோ இருப்பதைப் பள்ளி வாசலில் நின்று எண்ணினாலே தெரியும்.

பெடலிலும் கணுக்காலிலும் ஒளிரும் பட்டை ஒட்டுவது இன்னும் நல்லது. அசையாத ஒளிப்புள்ளி மைல் கல்லாகவும் இருக்கலாம், நிறுத்தி வைத்த வண்டியாகவும் இருக்கலாம். மேலும் கீழும் சுழலும் இரண்டு புள்ளிகளைக் கண்டதும் இது மனிதன் மிதிக்கும் கால் என்று மூளை உடனே அறிந்துகொள்கிறது. டைனமோ விளக்கில் ஒரு குறையுண்டு: வண்டி நின்றால் விளக்கும் அணையும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் மிக அபாயமான நேரத்தில் அவர் இருளில் நிற்கிறார். விளக்கில்லாத சைக்கிளைப் போலீசார் நிறுத்திச் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்டனையை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் விளக்கில்லாமல் போவது பெரிய விஷயம் என்ற நினைவு அன்று பரவலாக இருந்தது. இன்று அது மங்கிவிட்டது.

தார் முடியும் விளிம்பு

நம் சாலைகளுக்கே உரிய மற்றொரு காரணம், தாரும் மண்ணும் சேரும் விளிம்பு. புதிதாகத் தார் போடும் ஒவ்வொரு முறையும் சாலை சிறிது உயர்கிறது. ஓரத்து மண்கரையை உடனே உயர்த்தாவிட்டால் விளிம்பில் ஒரு படி உண்டாகிறது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. சைக்கிள்காரர் படியிலிருந்து மண்ணில் இறங்குகிறார். லாரி போனதும் மீண்டும் தாரில் ஏற முயல்கிறார். இந்த ஏறும் முயற்சியில்தான் பலர் வலப்புறம் சாய்ந்து அடுத்து வரும் வண்டியின் முன் விழுகிறார்கள். பார்த்தவர், ‘சைக்கிள்காரர் திடீரென்று உள்ளே வந்தார்’ என்று சாட்சி சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை.

ஏன் விழுகிறார் என்பதை விளங்கிக்கொள்ள மிதிவண்டி எப்படி நிற்கிறது என்பதை அறிய வேண்டும். இரு சக்கரத்தின்மேல் இருப்பது எப்பொழுதும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். சாயும் பக்கமாக முன்சக்கரத்தைச் சிறிது திருப்பினால், சக்கரங்கள் உடலின் எடைக்கு அடியில் வந்து சேருகின்றன, வண்டி நிமிர்கிறது. இதை நாம் அறியாமலே ஒவ்வொரு கணமும் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே மிதிவண்டி ஒருபோதும் கோடு கிழித்ததுபோல் நேராகச் செல்வதில்லை, நெளிந்தே செல்கிறது. ஈரமான சக்கரத்துடன் காய்ந்த சிமெண்டுத் தரையில் ஓட்டி, விழும் தடத்தைப் பார்த்தால் இது தெரியும். வேகம் குறைந்தால் நெளிவு கூடும். மேடு, எதிர்க்காற்று, பின்னால் கட்டிய புல்லுக்கட்டு, கைப்பிடியின் இருபுறமும் தொங்கும் பால்கேன் எல்லாம் அதைக் கூட்டும்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. வலப்புறம் திரும்ப வேண்டுமானால், உடல் முதலில் வலப்புறம் சாய வேண்டும். அதற்கு முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் போய் வர வேண்டும். சக்கரம் விளிம்புப் படியை ஒட்டி உரசிக்கொண்டு ஓடும்போது, வலப்பக்கம் படி தடுக்கிறது. உடல் தார்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. சக்கரமோ அதன் அடிக்கு வந்து சேர முடியவில்லை. பிறகு விழுவதைத் தவிர வழி இல்லை. ஆகையால், மண்ணில் இறங்க நேர்ந்தவர் விளிம்பை உரசியபடி ஏற முயலக் கூடாது. நின்று, இறங்கி, வண்டியைத் தூக்கி வைத்து ஏறுவதே சரி. இதைவிடச் சரியானது, படியே இல்லாதபடி மண்கரையைத் தார் மட்டத்துக்கு உயர்த்தி வைப்பது. அது சாலைப் பராமரிப்பு ஊழியர்களின் வேலை. ஓட்டுகிறவர் திறமையைக் கொண்டு ஈடு செய்யக்கூடிய குறை அல்ல.

மோட்டார் வண்டி ஓட்டுவோர் முந்தும்போது எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கும் விடை இந்த நெளிவிலேயே இருக்கிறது. கைப்பிடி அகலம் அரை மீட்டருக்குச் சற்று மேல். நெளிவையும் சேர்த்தால் மிதிவண்டிக்கு ஒரு மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு வெளியே இன்னும் ஒரு மீட்டராவது விட்டு முந்தினால்தான் நியாயம். பெரிய லாரியானால் அதற்கும் மேல். விரையும் லாரி தன் முன்புறத்தால் காற்றை வெளியே தள்ளுகிறது. பக்கம் கடந்து செல்லும்போது உள்ளே இழுக்கிறது. முதல் தள்ளலுக்கு எதிராகச் சாய்ந்தவர், அடுத்த கணம் இழுக்கும் பக்கமே சாய்ந்திருக்கிறார்.

சிறுவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அப்பாவின் வண்டியில் சட்டத்துக்கு நடுவே காலை விட்டு மிதிக்கும் குரங்குப் பெடல் நம் எல்லோருக்கும் பழகியது. அந்த நிலையில் பையனின் உடல் ஒரு பக்கமும் வண்டி மறுபக்கமும் சாய்ந்திருக்கும். நெளிவு மிக அதிகம். எட்டிப் பிடிக்க முடிந்தது பெரும்பாலும் ஒரு பிரேக்தான். தெருவில் பழகத் தடையில்லை, பெரிய சாலைக்கு அது கூடாது. பின்னால் திரும்பிப் பார்க்கும்போது, தலை திரும்பும் பக்கமே தோளும் கையும் திரும்பி வண்டியும் அப்பக்கம் இழுப்பது பழகாதவர் யாவரிடமும் காணப்படும். பீகாரில் 2006-ம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்க அரசு பணம் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் பதினோராம் வகுப்பில் மிதிவண்டி வழங்குகிறார்கள். பெண்களின் படிப்புக்கு அவை செய்த நன்மை பெரிது. வண்டி வந்த முதல் வாரத்தில், திடலில் ஒரு நேர்கோடு கிழித்து, கோட்டைவிட்டு விலகாமல் பின்னால் திரும்பிப் பார்த்து ஆசிரியர் காட்டும் விரல்களின் எண்ணிக்கையைச் சொல்லும் பயிற்சியை நடத்தினால், அந்நன்மை முழுமையாகும். பத்து நாளில் பிள்ளைகள் இதில் தேறிவிடுவார்கள்.

சந்திப்புகளில்

பின்லாந்து நாட்டின் நான்கு நகரங்களில் மிதிவண்டியும் காரும் மோதிய 188 விபத்துகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். மோதுமுன் சைக்கிள்காரரைக் கண்ட ஓட்டுநர் நூற்றுக்குப் பதினொருவரே. சைக்கிள்காரர்களில் நூற்றுக்கு 68 பேர் காரை முன்பே கண்டிருந்தனர். அப்படிக் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், சட்டப்படி கார் தமக்கு வழிவிடும் என்று நம்பினர். மிகுதியாக நேர்ந்த விபத்து எது தெரியுமா? அங்கே வண்டிகள் வலப்புறம் செல்லும். சந்திப்பில் வலப்புறம் திரும்பும் ஓட்டுநர், கார்கள் இடப்பக்கத்திலிருந்துதான் வரும் என்பதால் இடப்பக்கமே பார்க்கிறார். மிதிவண்டியோ தனிப் பாதையின் வழியே வலப்பக்கத்திலிருந்து வருகிறது. கண் பழுதில்லை, பகல் வெளிச்சம் இருக்கிறது. ஆனாலும் எதிர்பார்க்காத பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

இந்தியாவுக்கு இடம் வலம் மாற்றிக்கொள்ள வேண்டும். கிளைச் சாலையிலிருந்து இடப்புறம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே திரும்புவார். சாலையின் தவறான ஓரத்தில், போக்குவரத்துக்கு எதிராக மிதித்து வருபவர் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வந்து மாட்டிக்கொள்கிறார். எதிரே வரும் வண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போவது பத்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பவருக்கு அது பொருந்தும். அவர் ஓர் அடி விலகி நின்றுவிடலாம். மிதிவண்டிக்குப் பொருந்தாது. முன்பு சொன்ன இருட்டுச் சாலைக் கணக்கை மீண்டும் போடுங்கள்: 60-ம் 15-ம் இப்போது கழிவதில்லை, கூடுகின்றன. 30 மீட்டர் ஒன்றரை விநாடிக்குள் தீர்ந்துவிடும். லாரி ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும் முன்பே மோதல் முடிந்திருக்கும்.

இவ்வளவு அபாயம் இருந்தும் தவறான ஓரத்தில் ஏன் போகிறார்கள்? இங்கேதான் விசாரிப்பவர் சாலையையும் விசாரிக்க வேண்டும். நான்கு வழியாக அகலப்படுத்திய சாலையின் நடுவே தடுப்பு இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம். தடுப்பில் வழி விட்டிருக்கும் இடம் ஒரு கிலோ மீட்டருக்கு அப்பால். முறைப்படி போனால் சென்று திரும்ப இரண்டு கிலோ மீட்டர் வீணாக மிதிக்க வேண்டும். எதிர்த்திசையில் போனால் இருநூறு மீட்டர். மோட்டார் வண்டிக்கு அந்த இரண்டு கிலோ மீட்டர் இரண்டு நிமிஷம். மிதிப்பவருக்கு அது உடலின் உழைப்பு. தினந்தோறும் ஒரே இடத்தில் பலர் தவறு செய்தால், அந்த இடத்தில் ஒரு சுரங்கப் பாதையோ ஓரச் சாலையோ இல்லாததே முதல் தவறு என்று எழுதுவதில் தயங்க வேண்டியதில்லை.

லாரியோ பஸ்ஸோ இடப்புறம் திரும்பும்போது நேரும் விபத்து நகரங்களில் கொடியது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவுக்கு அடியில், முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் மிதிவண்டி அவருக்குத் தெரியவே தெரியாது. சிவப்பு விளக்கில் வண்டிகள் நிற்கும்போது, ஓர இடைவெளியில் புகுந்து முன்னேறி லாரியின் பக்கத்தில் நிற்பவர், தம்மை அறியாமல் அந்த மறைவிடத்தில் நிற்கிறார். பச்சை விளக்கு வந்ததும் லாரி இடப்புறம் திரும்புகிறது. முன்சக்கரம் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. தப்பினோம் என்று அவர் எண்ணுகையில் பின்சக்கரம் அவர்மீது வருகிறது. நான்கு சக்கர வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, உட்பக்கமாக வெட்டி வருகிறது. ஐந்து மீட்டர் நீளச் சக்கர இடைவெளி உள்ள லாரி பத்து மீட்டர் ஆரத்தில் திரும்பினால், வெட்டு ஒரு மீட்டருக்கு மேல். பொம்மை வண்டி ஒன்றை ஈர மணலில் வளைத்து இழுத்துத் தடங்களைக் காட்டினால் சிறு பிள்ளைக்கும் இது புரியும். லாரியின் பக்கவாட்டில் சக்கரங்களுக்கு இடையே காப்புச் சட்டம் பொருத்துவது விழுந்தவர் உள்ளே போகாமல் தடுக்கவே. உடைந்த சட்டத்தை நீக்கிவிட்டு ஓட்டும் வண்டிகளைச் சோதனையில் விட்டுவிடக் கூடாது. மிதிவண்டியில் செல்பவர் நினைவில் கொள்ள வேண்டியது, பெரிய வண்டிக்குப் பின்னால் நிற்கலாம், பக்கத்தில் நிற்கலாகாது என்பதே.

மிதிவண்டி வலப்புறம் திரும்புவது வேறொரு சிக்கல். இடது ஓரமாகச் சென்றுகொண்டிருந்தவர், தம் ஊர்ப் பிரிவு வந்ததும் கையை நீட்டிவிட்டுச் சாலைக்குக் குறுக்கே செல்கிறார். முந்த வந்த வண்டி மோதுகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டியபடியே வலப்புறம் திரும்பாதிருப்பது நல்லது. இடது ஓரத்தில் நின்று இறங்கி, பார்த்து, தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். ஏழு மீட்டர் அகலச் சாலையை மிதிவண்டி முழுவதுமாகக் கடக்க ஏழு விநாடிக்கு மேல் ஆகும். 80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் அதற்குள் 160 மீட்டர் வந்துவிடும். தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை நேர் எதிரிலிருந்து மதிப்பிடுவது கண்ணுக்குக் கடினம். சிறு பிள்ளைகளுக்கு அத்திறன் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. ஆகவே மதிப்பிடச் சொல்லாமல் அடையாளம் காட்டிவிடலாம். பள்ளிக்கு எதிரேயுள்ள சாலையில் இருபுறமும் 160 மீட்டரை அளந்து, அங்கேயுள்ள புளிய மரத்தையோ மின்கம்பத்தையோ குறித்துக்கொண்டு, அதற்கு இப்பால் எந்த வண்டி இருந்தாலும் கால் வைக்காதே என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சில சிறு காரணங்கள்

நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறப்பதால் விழுபவர் பலர். காரிலிருந்து இறங்குபவர் கதவை அதற்கு அருகிலுள்ள கையால் திறவாமல் மறு கையால் திறந்தால், உடல் திரும்பிக் கண் தானே பின்பக்கம் போகும். பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓரம் கட்டும் பஸ், அவ்வோரத்தில் செல்லும் சைக்கிளின் வழியை அடைக்கிறது. அந்நேரம் பஸ்ஸை இடப்புறமாக முந்த முயல்வது கூடாது.

மழைக்காலத்தில் சக்கர வளையம் நனைந்தால் பிரேக் பிடிமானம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பழைய இரும்பு வளையத்தில் இது மிக அதிகம். 15 கிலோ மீட்டர் வேகத்தில் எட்டு மீட்டரில் நின்ற வண்டிக்குப் பதின்மூன்று மீட்டர் வேண்டியிருக்கும். இறக்கத்துக்கு முன்பே பிரேக்கை இலேசாக அழுத்தி ஓட்டினால், கட்டை தண்ணீரைத் துடைத்துவிடும். தேய்ந்த ரப்பர்க் கட்டையை மாற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம்.

மிதிவண்டிக்கெனத் தனிப் பாதை அமைப்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே நெறிமுறைகளை வகுத்து, 2015-ல் அவற்றைத் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. வேகமான சாலையில் தனிப் பாதையே நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதை சந்திப்புக்கு முன் முடிந்து, சந்திப்பில் மட்டும் மிதிவண்டியை வண்டிகளின் நடுவே விட்டுவிடுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். பின்லாந்து ஆய்வு காட்டுவதுபோல், மோதல் மிகுதியாக நேரும் இடம் அதுதான்.

விசாரிக்கச் செல்பவருக்கு

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு உருவாகி, 2021 முதல் மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் திட்டத்தில், விபத்து நடந்த இடத்திலிருந்தே விவரங்களைப் பதிவு செய்ய வசதியுண்டு. அந்தப் பதிவின் மதிப்பு, களத்தில் நின்று பார்ப்பவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது.

மறுநாள் பகலில் போய்ப் பார்ப்பது போதாது. இரவு எட்டு மணிக்கு நடந்தது என்றால் இரவு எட்டு மணிக்கே போக வேண்டும். மோட்டார் வண்டி வந்த திசையில் நின்று, மிதிவண்டி இருந்த இடத்தில் ஒருவரை அதே நிற உடையுடன் சாலையோர மண்ணில் நிறுத்தி, எந்தத் தூரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிகிறார் என்று அடியளந்து எழுதலாம். மிதிவண்டியில் பின் வில்லை இருந்ததா, அது சுத்தமாக இருந்ததா? பிரேக் கட்டைகள் எந்நிலையில் உள்ளன? தார் விளிம்புப் படி எத்தனை சென்டி மீட்டர்? மிதிவண்டிக்காரர் தவறான ஓரத்தில் வந்திருந்தால், நடுத் தடுப்பில் அடுத்த வழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பெயர்ப் பலகையோ புதரோ நிறுத்திய லாரியோ பார்வையை மறைத்ததா? இவற்றுள் எதையும் அளக்க ஒரு நாடாவும் கைவிளக்கும் போதும். ஓராண்டில் ஒரே வளைவில் மூன்று பதிவுகள் சேர்ந்து, மூன்றிலும் விளிம்புப் படி பத்து சென்டி மீட்டருக்கு மேல் என்றிருந்தால், அடுத்து எழுத வேண்டிய கடிதம் சாலைப் பொறியாளருக்கு.